ஒரே புட்டியிலிருந்து

1983 நவம்பர் 6

அக்காவுக்கு,

இது தபாலில் வந்த கடிதம் இல்லை. கொண்டுவந்து கொடுப்பவன் நேற்றுவரை எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன். இன்று அவனுக்கு விடுதலை. செருப்புக்குள் மடித்து வைத்துக் கொண்டுவருகிறான், நாற்றம் அடித்தால் பொறுத்துக்கொள். சூடாக ஒரு கிண்ணம் பன்றிக்கறிச் சூப் கொடுத்து அனுப்பு. பேர் கேட்காதே.

பதினெட்டு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை. நீ எழுதியதைப் பிரிக்கவும் இல்லை. காரணம் உனக்குத் தெரியும். சாட்சிக் கூண்டில் ஏறி நீ சொன்னது: "எங்க அப்பா நுரையீரல் கரித்தூசியில கல்லாப் போச்சுங்க. யார் என்ன செஞ்சிருந்தாலும் அந்த வசந்தத்தைத் தாண்டியிருக்க மாட்டார்." அதைக் கேட்டதும் கங்காணி பாங்கின் வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். அவன் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. எனக்கு மூன்று வருஷம் கிடைத்தது.

கங்காணி பாங் சோக்கு அப்பாவை என்ன செய்தான் என்று கூண்டில் நீ சொல்லவே இல்லை. மறந்திருந்தால் நான் சொல்கிறேன். மூச்சு இழுக்க இழுக்க அப்பா அவன் முன்னால் போய் நின்றார். "மேல ஏதாவது வேலை குடுங்க, இனிமே கீழ இறங்க முடியாது" என்றார். "நடிக்கிறியா கிழவா?" என்று பாங் தன் தலைக்கவசத்தைக் கழற்றி அதாலேயே அவர் முகத்தில் அடித்தான். இடுப்பில் உதைத்து, சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கூண்டுக்குள் தள்ளினான். ஐந்தாவது மட்டத்தில் சரிந்து கிடந்தவரை நான்தான் முதுகில் போட்டு மேலே கொண்டுவந்தேன். என் சட்டை முழுக்கக் கறுப்பாகத் துப்பியிருந்தார். பிறகு உன் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தார், போனார்.

அதற்காகத்தான் நான் பாங்கின் வலது கையைச் சுரங்க வாசல் தண்டவாளத்தின் மேல் வைத்து அடித்தேன். முதல் அடியிலும் இரண்டாவதிலும் எலும்பு சத்தம் போட்டது. மூன்றாவதில் சத்தமே இல்லை, ஈரத்துணியை அடித்த மாதிரி இருந்தது. நாலாவது அடி தலைக்கு. அதற்குள் பிடித்துவிட்டார்கள். அந்த நாலாவது அடியை நினைத்துக்கொண்டேதான் தினமும் படுக்கிறேன்.

போன வாரம் நம் ஊர் ஹான்கோலிலிருந்து புதிதாக ஒருவன் உள்ளே வந்தான். பாங்குக்கும் மார்பில் தூசு அடைத்துவிட்டதாம். உன் வார்டில் கிடக்கிறானாம், ஜன்னல் ஓரக் கட்டிலில். அப்பாவின் கட்டில் அது. மாத்திரை நீதான் கொடுக்கிறாயாம்.

அந்த மூச்சு மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம்தான் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அந்த விரற்கடையைத் தாண்டு. கூண்டில் நீ சொன்னதை அத்தோடு மறந்துவிடுகிறேன்.

யோங்டே


1983 நவம்பர் 24

தம்பி யோங்டேக்கு,

இதை உனக்கு முன்னால் படிக்கப்போகிற சிறை அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம்.

உன் நண்பர் வந்தார். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நீ கேட்டனுப்பிய பொருள் என்னிடம் இருக்கிறது, தினமும் கையில் எடுக்கிறேன். தர மாட்டேன். இனி கேட்காதே.

கூண்டில் நான் சொன்னது எனக்குத் தெரிந்த உண்மை. உனக்காகப் பொய் சொல்லியிருக்கலாம், உனக்கு ஒரு வருஷம் குறைந்திருக்கும். எனக்கு அது வரவில்லை. அப்பாவின் எக்ஸ்ரேயைப் பார்த்தவள் நான்.

ஜன்னல் கட்டில்காரரை அக்டோபரில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம். கால் இரண்டும் தூண் மாதிரி. விரலால் அழுத்தினால் விழுகிற குழி வெகுநேரம் அப்படியே நின்றது. நுரையீரல் இறுகிப் போனால் அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் ஓய்ந்துவிடுகிறது, தேங்கிய நீரெல்லாம் காலுக்கு இறங்குகிறது. அப்பாவுக்கு ஆன மாதிரியேதான். அதனால் மருந்தும் அதேதான். மூச்சுக்குழாயைத் திறக்கத் தியோஃபிலின், நீரை வெளியேற்ற ஃபியூரோசமைடு. அலமாரியில் அதே இடம், அதே பழுப்புப் புட்டி.

முதல் நாள் கட்டிலருகே போனதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு, சிம் வீட்டுப் பொண்ணா? தம்பி கைய எடுத்தான். அக்கா உசுர எடுக்க வந்தியா?"

"வேணாம்னா கீழ போடுங்க. காலையில பெருக்கறவங்க அள்ளிக்குவாங்க."

"முதல்ல நீ முழுங்கு."

வார்டில் இருந்த பதினாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாத்திரையை எடுத்து முழுங்கினேன். அரை மணி நேரம் என்னைக் கட்டிலருகிலேயே நிற்க வைத்துக் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, பிறகுதான் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். நாலு காலை இப்படி நடந்தது. ஒன்றுமில்லாத உடம்புக்கு அந்த மருந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்துபோனது. நெஞ்சு துடித்தது, மருந்துச் சீட்டில் எழுத முடியாமல் விரல் நடுங்கியது. ஐந்தாம் நாள் அவரே, "போதும் போ. நீ செத்துட்டா அப்புறம் எனக்கு யார் மாத்திரை குடுக்கறது?" என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் காலை நான் புட்டியும் கையுமாக மருந்தறையில் வெகுநேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று அதிகாரி ஐயா கேட்க வேண்டாம். பிறகு எண்ணிச் சரியாக வைத்துவிட்டு வார்டுக்குப் போனேன்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


1983 டிசம்பர் 11

அக்காவுக்கு,

அவனுக்கு ருசி பார்த்துக் கொடுக்கிறாயா? நாலு நாள்? அரசனுக்கு முன்னால் சோற்றை ருசி பார்க்கிற வேலைக்காரி மாதிரி? படித்ததும் எழுந்து போய்ச் சுவரில் தலையை மோதிக்கொண்டேன். உன் காலுறையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இங்கே நேற்று ஒருவனுக்குத் தாடை உடைந்தது. மற்றவன் பங்குச் சோற்றில் ஒரு பிடி எடுத்தான், அவ்வளவுதான். தண்ணீர் வாளியாலேயே அடித்தார்கள். வாயிலிருந்து ஏதோ தொங்கியது. நான் தடுக்கவில்லை. ஒரு பிடி சோற்றுக்கு இங்கே இவ்வளவு நியாயம் இருக்கிறது. நம் வீட்டில் அப்பாவுக்கு இல்லை.

அப்பா கடைசியில் தூங்கிக்கொண்டே போனார் என்று நீ சொன்னாய். எனக்கு இருக்கிற ஆறுதல் அது ஒன்றுதான். பாங் அப்படித் தூங்கிக்கொண்டே போய்விடக் கூடாது. நீ அவனை நல்லபடியாகக் கவனித்துக் கவனித்து, கடைசியில் அவனும் அப்படித்தான் போவான். அதை நினைத்தால்தான் ரத்தம் கொதிக்கிறது.

உனக்கு இனி எழுத ஒன்றும் இல்லை. உனக்குத் தம்பி இல்லை என்று வைத்துக்கொள்.

யோங்டே


1984 ஜனவரி 22

தம்பிக்கு,

இதைப் பிரிக்காமல் வைத்துவிடாதே. யார் முன்னால் படித்தாலும் சரி, கடைசிவரை நீ படி. மூன்று நாளாக எழுதிக் கிழித்து எழுதுகிறேன்.

ஜனவரி முதல் வாரம் பாங் ரத்த வாந்தி எடுத்தார். நசுங்கிய கைக்காக ஒன்றரை வருஷத்துக்கு மேல் வலி மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணாகிவிட்டது. மருத்துவர் என்னிடம், "உங்ககிட்ட அந்தப் புது வயித்து மாத்திரை இருக்கா?" என்று கேட்டார். சிமெடிடின் என்று பெயர். நம் மருந்தறைக்கு அதைக் கொண்டுவந்ததே நான்தான், மருத்துவருக்கு எடுத்துச் சொன்னதும் நான்தான். எடுத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பித்தமாக வாந்தி எடுத்தார். விரல் நடுங்கியது. கட்டிலை யாரோ ஆட்டுகிறார்கள் என்று செவிலியரைத் திட்டினார். நாடியைப் பிடித்தால் எண்ண முடியவில்லை, அப்படி ஓடியது. நீர் மாத்திரை ஏற்கெனவே உடம்பிலிருந்த பொட்டாசியத்தையெல்லாம் நீரோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த உப்பு குறைந்தால் இதயம் தடுமாறும். மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது.

அவர் முதுகு வில்லாக வளைந்தது. கீழுதட்டைக் கடித்தே துண்டாக்கிவிட்டார். சின்னப் பெண், செவிலி ரியூ, குனிந்தவளை வயிற்றிலேயே ஒரு உதை, சொட்டுமருந்துக் கம்பத்தோடு போய் விழுந்தாள். புட்டிகள் உடைந்தன. யாரோ, "சாவட்டும் விடும்மா!" என்று கத்தினார்கள். நான் கால்களின் மேல் விழுந்து படுத்தேன். அவர் குதிகால் என் மார்பில் இடித்தது, ஒரு தடவை, மறுபடி. யோங்டே, அந்த உதை எனக்கு முன்பே தெரியும். அதே இடத்தில், அதே கட்டிலில், அதே மாதிரி ஒருவர் என்னை உதைத்திருக்கிறார்.

நான் எழுந்து, "மூச்சு மாத்திரை, வயித்து மாத்திரை ரெண்டையும் நிறுத்துங்க! நீர் மாத்திரையையும்!" என்று கத்தினேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. மருத்துவர் பயந்துபோய் நான் சொன்னதைக் கேட்டார். வலிப்பை அடக்க ஊசி போட்டோம், பொட்டாசியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினோம். பாங் பிழைத்துக்கொண்டார்.

அப்பாவின் பழைய சிகிச்சைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மறுநாள் தபால் நிலையத்துக்குப் போய் சியோலுக்குப் போன் போட்டு என் பேராசிரியரைக் கேட்டேன்.

"கல்லீரல்தாம்மா தியோஃபிலினைக் கழிச்சு வெளிய அனுப்புது" என்றார் அவர். "அந்த வயித்து மாத்திரை கல்லீரல் கையைக் கட்டிப்போடுது. தினமும் போடுற அளவு உள்ள போய்க்கிட்டே இருக்கும், வெளிய போறது குறைஞ்சுடும். சரியான அளவே நாலு நாள்ல விஷமாயிடும். ரெண்டு வருஷமா எழுதிக்கிட்டிருக்காங்களே, உங்க பக்கம் யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அப்பா மார்ச் மாதம் ஒரு காலையில் என்னிடம், "வயிறு எரியுதும்மா, நெருப்ப முழுங்கின மாதிரி இருக்கு" என்றார். மருந்துக் கம்பெனி விற்பனையாளர் விட்டுப்போன மாதிரிப் பெட்டி என் மேசையில் இருந்தது. மருத்துவரைக் கேட்கவில்லை. மகள்தானே என்று நானே கொடுத்தேன். "நல்ல மாத்திரைம்மா, எரிச்சல் அடங்கிடுச்சு" என்றார் மறுநாள். ஆறாம் நாள் செத்தார்.

அவர் தூங்கிக்கொண்டே போகவில்லை. அதுதான் நான் உனக்குச் சொன்ன பொய். நுரையீரல் முடிவு இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து, உனக்கு வேண்டாம் என்று மறைத்தேன்.

பாங் அவரை அடித்தது உண்மை. சுரங்கம் அவரைத் தின்றதும் உண்மை. ஆனால் அந்த மார்ச்சில் அவர் உயிர் போனது என் கையால். கூண்டில் நான் சொன்னது தப்பு. அவர் அந்த வசந்தத்தைத் தாண்டியிருப்பார்.

குமோக்


1984 மார்ச் 3

இதுவும் தபாலில் வரவில்லை, விடுதலையாகிற ஒருவன் செருப்புக்குள் வருகிறது. உன் கடிதத்தை நான் படிக்கும் முன்பே எனக்குப் படித்துக் காட்டினார்கள். அலுவலகத்தில் நிற்க வைத்து அதிகாரி உரக்க வாசித்தான். முடித்ததும், "உங்கப்பனைக் கொன்னது உங்கக்காவாமே. நீ எதுக்குடா அந்தாளு கைய உடைச்ச? ஆள் மாறிப்போச்சா?" என்றான். மேசை மேல் சூடான தேநீர்க் கெட்டில் இருந்தது. அதை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன்.

பிறகு ஆறு பேர். எத்தனை நேரம் என்று தெரியாது. விழித்தபோது தனிக் கொட்டடியில் இருந்தேன், கை இரண்டையும் தோல்வாரால் இடுப்போடு கட்டியிருந்தார்கள். இருபது நாள். நாய் மாதிரி தட்டில் வாயை வைத்துத் தின்றேன். காதில் ஒன்று கேட்பதில்லை இப்போது.

அங்கே கிடந்தபோது முதலில் உன்னைக் கொன்றேன், தினமும், வேறு வேறு விதமாக. மேசைக்கு அடியில் நீ ஒளிந்துகொள்வாய், இழுத்துப் போடுவேன். பிறகு அது அலுத்துவிட்டது. பிறகு பாங்கின் கை ஞாபகம் வந்தது.

அப்பாவின் கடைசி நாட்களை முழுதாக எழுது. ஒன்றையும் குறைக்காதே. என்னைக் கூப்பிட்டாரா?

யோங்டே


1984 மார்ச் 25

தம்பிக்கு,

கூப்பிட்டார். உன்னை இல்லை, எங்களை. உன் பெயரைச் சொல்லிவிட்டு, "அவனை உள்ள விடாதீங்க, இதப் பாக்க வேணாம்" என்றார். நீ அப்போது சுரங்கத்துக்குள் மதிய முறை வேலையில் இருந்தாய்.

ஐந்தாம் நாள் காலை வாந்தி. நாக்கு உலர்ந்துபோய், ஐஸ் கேட்டார். கை நடுங்கியதில் கிண்ணத்தை முகத்திலேயே கொட்டிக்கொண்டார். "நெஞ்சுக்குள்ள யாரோ சம்மட்டி அடிக்கிறான்மா" என்றார். நான் மூச்சுத் திணறல் என்று நினைத்து, மருத்துவரிடம் சொல்லி அதே மூச்சு மருந்தை ஊசியாகவும் போட வைத்தேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றினேன்.

மறுநாள் வலிப்பு. நாலு பேர் பிடித்தோம். சுரங்கக்காரர் உடம்பு, அடங்கவில்லை. கண் மேலே சொருகியது, நாக்கைக் கடித்துத் தலையணை முழுக்க ரத்தம். ஓய்ந்தது, மறுபடி வந்தது. மூன்றாவது முறை ஓய்ந்தபோது இதயமும் நின்றுவிட்டது. நான் முகத்தைக் கழுவி, வாயைத் துணியால் துடைத்து, நீ வருவதற்குள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். நீ வந்து பார்த்து, "தூங்குற மாதிரியே இருக்காருக்கா" என்றாய். நான் ஆமாம் என்றேன்.

இங்கே நடந்ததையும் சொல்கிறேன். தலைமை மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "நீங்க வேணும்னு செஞ்சீங்களா? இல்லேல்ல? வெளிய தெரிஞ்சா சுரங்கக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க வந்து ஆஸ்பத்திரிக்கே தீ வெச்சுடுவாங்க. அந்த மாத்திரையை அலமாரியிலேர்ந்து எடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றார். எடுத்துவிட்டேன். பள்ளத்தாக்கில் மற்ற சுரங்க ஆஸ்பத்திரிகளின் மருந்தறைகளுக்கெல்லாம் கையால் எழுதி அனுப்பினேன். வாயை மூடிக்கொள்ள முடியவில்லை.

குறிப்பேடுகளைத் தேடியதில், இரண்டு மருந்தும் சேர்ந்து போனபின் அதே மாதிரி இறந்தவர் இன்னும் ஒருவர் இருந்தார். போன இலையுதிர் காலத்தில், ஜோம்ரே அம்மாவின் கணவர். மேட்டுக் குடியிருப்பில் அவர்கள் வீடு. நான் போனபோது அந்தம்மா அடுப்பில் கரிக்கட்டி மாற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், வாற்கோதுமைத் தேநீர் ஊற்றினார். நான் சொல்லச் சொல்ல இடுக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா சொல்ற? மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன்.

"அவரு அன்னிக்குத் துடிச்சாரே, அது உன் மாத்திரையாலயா?"

"ஆமாங்க."

முதல் அடி நெற்றியில். இடுக்கியின் முனை சூடாக இருந்தது, தோல் கருகிய நாற்றம் எனக்கே வந்தது. தடுக்கக் கையை உயர்த்தினேன், அடுத்த அடியில் இடது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள், விஷயம் தெரிந்ததும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தலைமுடியைப் பிடித்துப் படி வழியாக இழுத்தார்கள். ஒருத்தி துப்பினாள். நான் ஓடவில்லை. கடைசியில் ஜோம்ரே அம்மாவேதான், "போதும் விடுங்கடி, செத்துத் தொலையப்போறா" என்று அவர்களை விலக்கினார். பிறகு படியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதார்.

நெற்றியில் பதினொரு தையல். ஒரு கையால்தான் மாத்திரை எண்ணுகிறேன். ஆஸ்பத்திரி என்னை வேலையிலிருந்து அனுப்பவும் இல்லை, யாரும் புகார் கொடுக்கவும் இல்லை. புகார் கொடுக்கச் சொல்லி ஜோம்ரே அம்மாவைக் கேட்டேன். "அடிச்சாச்சு, போ" என்றுவிட்டார்.

இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அப்பாவின் மரணம் குறித்த புகார். நடந்ததையெல்லாம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மகன் என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டால் காவல் நிலையம் எடுத்துக்கொள்ளும். போடு. நீ அனுபவித்ததில் பாதியாவது எனக்கு வர வேண்டும்.

அக்கா


1984 ஆகஸ்ட் 27
முக்கோ துறைமுகம்

அக்காவுக்கு,

நாடு விடுதலையான நாளின் பொது மன்னிப்பில் என்னை விட்டுவிட்டார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கெட்டில் விஷயம் ஏட்டில் ஏறவில்லை, ஏறினால் ஆறு பேர் என்னை அடித்ததும் ஏறும். நீ சிறை வாசலில் வந்து நின்றிருப்பாய். நான் பின்பக்கமாகப் போய்விட்டேன். மறுநாள் ஹான்கோலுக்கு வந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

சந்தையில் மீன் வெட்டும் கத்தி ஒன்று வாங்கிப் பைக்குள் வைத்திருந்தேன். யாருக்கு என்று பேருந்தில் ஏறும்போது எனக்கே தெரியாது. மருந்தறை ஜன்னலுக்கு வெளியே கரிக்குவியலுக்குப் பின்னால் நின்று உன்னைப் பார்த்தேன். நெற்றியில் அந்தத் தழும்பு. கை இன்னும் சரியாகக் கூடவில்லை போல, புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் மூடியைத் திருகினாய். திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தாய். எண்ணினாய், மறுபடி கொட்டி மறுபடி எண்ணினாய். மூன்று தடவை எண்ணினாய். நான் கதவுவரை வந்தேன். பிறகு திரும்பி வார்டுக்குப் போனேன்.

பாங் பாதியாகிவிட்டான். என் காது கேட்காத பக்கம் அவன் இருந்ததால் அவன் முதலில் பேசியது எனக்கு விளங்கவில்லை. குனிந்தேன்.

"வந்துட்டியா? உன்னத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றான். "உங்கக்கா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாளே. உங்கப்பன் மாத்திரையாலதான் செத்தானாம்ல?"

"ஆமா."

"அப்ப என் கை?"

நசுங்கிய கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துப் போட்டான்.

"ரெண்டு வருஷமா நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமாடா? அந்தக் கிழவனை நான்தான் கொன்னேன், அதுக்கு இந்தக் கை சரியாப்போச்சுன்னு நினைச்சேன். பொண்டாட்டி சட்டைப் பித்தான் போட்டுவிடுறப்பல்லாம் அதச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். இப்ப மாத்திரைங்கறீங்க. அப்ப என் கை சும்மாவா போச்சு? சொல்லுடா! சும்மாவா போச்சு?"

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டருக்கான இரும்புத் திருகி கிடந்தது. இடது கையால் அதை எடுத்து என்னை வீசி அடித்தான். மூச்சுவிட முடியாதவனுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, என் காறை எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்கும் காதில் கேட்டது. அடுத்த அடிக்கு ஓங்கினான். கத்தி என் ஞாபகத்துக்கே வரவில்லை. நல்ல கையால் அவன் கழுத்தைப் பிடித்து அழுத்தினேன். அந்த நாலாவது அடி, அக்கா. இரண்டு வருஷமாக வைத்திருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே அவன் நாடி எலிக்குஞ்சு மாதிரி ஓடியது. வார்டில் ஒருவரும் எழுந்து வரவில்லை. எழுந்து வர அங்கே யாருக்கு மூச்சு இருக்கிறது?

அப்போது அவன் மார்பு கூவ ஆரம்பித்தது. கெட்டில் கொதிக்கிற மாதிரி, உள்ளே போகாமல், வெளியே வராமல். அப்பாவுடையதும் அதே சத்தம்தான். ஐந்தாவது மட்டத்திலிருந்து மேலே வரும்வரை என் கழுத்துக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம்.

கையை எடுத்துவிட்டேன். கை எடுத்தும் அவனுக்கு மூச்சு வரவில்லை. நீலம் பாரித்தது. அப்பாவுக்குச் செய்வது போலத் தூக்கி உட்கார வைத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முதுகை என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். முறிந்த எலும்பின் மேல் அவன் தலை. "மெல்ல விடு, மெல்ல விடு" என்று அவனிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்தான் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூவல் இறங்கியது.

மூச்சு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஜாடி."

"என்ன?"

"ஜாடிய எடுடா நாயே. உங்கக்கா குடுத்த நீர் மாத்திரை. அடக்க முடியாது."

கட்டிலுக்கு வலது பக்கம் ஸ்டூலின் மேல் இருந்தது. எடுப்பதற்குள் பாதி என் முழங்காலில் போய்விட்டது. மீதிக்குப் பிடித்தேன். வெகுநேரம் போனது. எவ்வளவு நீர், அக்கா, அந்த வற்றிய உடம்பிலிருந்து. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். நான் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொன்றுபோட வந்தவன் இப்படி நிற்கிறேனே என்று சிரிப்பும் வந்தது, வலியில் அதுவும் முடியவில்லை.

"சும்மா போகல" என்று அவனிடம் சொன்னேன். "எங்கப்பாவ நீ மூஞ்சியில அடிச்ச. அதுக்கு ஒரு அடி சரி. மிச்ச ரெண்டு அடி என்னுது. அத நான்தான் சுமக்கணும்."

அவன் கேட்டானா என்று தெரியாது. செவிலி வரும் காலடி கேட்டது, நான் படியிறங்கிவிட்டேன். கத்தியை ஆற்றில் எறிந்தேன்.

இங்கே கணவாய் மீன் படகில் சேர்ந்திருக்கிறேன். காறை எலும்பு கூடும்வரை வலை பிரிக்கிற வேலை. உன் முகத்தைப் பார்க்க இன்னும் முடியாது. எப்போது முடியும் என்றும் தெரியாது. அப்பா இல்லை என்ற நினைப்பு வரும்போதெல்லாம் உன்னை அடிக்கக் கை எழுகிறது, அடுத்த நிமிஷம் பல்லால் மூடியைக் கடித்தது கண்ணுக்குள் வருகிறது. பொய் சொல்லவில்லை. இரண்டும் இருக்கிறது.

நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போடவில்லை. உள்ளே இருந்து வந்தவன் சொல்கிறேன், அங்கே ஒன்றும் தீராது. தின்பாய், அடிபடுவாய், தூங்குவாய், ஒருவருக்கும் ஒரு மாத்திரைகூட எண்ணிக் கொடுக்க மாட்டாய். நீ மருந்தறையிலேயே இரு. தலைமை மருத்துவர் என்ன சொன்னாலும், மற்ற ஆஸ்பத்திரிகளுக்குத் தாள் அனுப்பியது போதாது, நேரில் போ. அடித்தால் வாங்கிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்னொன்று. பாங்கின் ஜாடியை இடது பக்கம் வைக்கச் சொல். வலது பக்கம் இருந்தால் அவனால் எடுக்க முடியாது. அந்தக் கையை நான் உடைத்துவிட்டேன்.

யோங்டே